கோகிலவாணியின் மணிக்கட்டு

ஏப்ரல் 3, வியாழன்
வலி: பத்துக்கு ஆறு

வலிக்கிற கையாலேயே வலியைப் பற்றித் தினமும் எழுத வேண்டுமாம். பிசியோதெரபி பெண் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி இருக்கிறாள், ஆனால் அதட்டுகிற அதட்டல் தலைமையாசிரியை அதட்டல்.

"எப்ப வலிக்குது, எப்ப கொறையுது, அன்னிக்கு என்ன செஞ்சீங்க, எல்லாம் எழுதுங்கக்கா. நான் நம்பர மட்டும்தான் பாப்பேன். மத்தது உங்க இஷ்டம்."

வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதாம். மவுஸைப் பிடித்துப் பிடித்து வந்த வினை. ஒன்று மவுஸை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேலையை மாற்ற வேண்டும். வேலையை மாற்றுவதா! திருப்பூரில் பனியன் நெஞ்சில் பூ தைக்கும் கம்பெனி ஆயிரம் இருக்கலாம். அந்தப் பூவைக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகக் குத்தி, ஊசிக்கு வழி சொல்லிக் கொடுக்கிற ஆள் எத்தனை பேர்? எங்கள் கம்பெனியில் இரண்டே பேர். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை நான். இரண்டு முதல் இரவு பத்து வரை சென்னியப்பன்.

ஆள் இரண்டு, நாற்காலி ஒன்று. மென்பொருளுக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு சாவி உண்டு. அதைச் சொருகினால்தான் திறக்கும். அதன் விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்பதால் முதலாளி ஒன்றுக்கு மேல் வாங்கவில்லை. அந்த ஒன்றையும் யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று மஞ்சள் கயிற்றில் கம்ப்யூட்டரோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறார்.

இதில் சென்னியப்பனுக்கு இடது கைப் பழக்கம். அவர் உட்கார்ந்ததும் மவுஸ் பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்வார். போகும்போது திருப்பி மாற்றிவிட்டுப் போக வேண்டும். மறந்தால் என் காலை நேரம் நாசம். எங்கள் மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் நேர்க்கோடு, இன்னொன்றைத் தட்டினால் வளைவு. பொத்தான் மாறிக் கிடந்தால் தூண் வளையும், சக்கரம் சதுரமாகும்.

இது வலியைப் பற்றிய குறிப்பு. அவரைப் பற்றி எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி
வலி: ஆறு

முதலாளியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஏனம்மணி, ஸ்கூல் தொறக்கற சீசன்ல வந்து கை வலிங்கற?" என்று தலையைச் சொறிந்தார். அப்புறம் என்னை வருத்தப்படுத்தாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "மே கடைசி வரைக்கும் பாப்போம். கை சரியாகலீன்னா நீ ராஜாமணிகூடச் செக்கிங் டேபிள்ல நூல் கத்தரி. சென்னியப்பன் ரெண்டு ஷிப்டும் பாத்துக்குவான்" என்றார்.

நூல் கத்தரிப்பதா! பன்னிரண்டு வருடமாக நான் குத்திய யானை, மயில், தாமரை, தாய்மொழி வாழ்க எல்லாம் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் நெஞ்சில் நடமாடுகிறது. அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொன்னால் நான் எங்கே போவேன்? வீட்டில் அண்ணனும் அண்ணியும் என்னைத் தங்கமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் முப்பத்தைந்து வயதில் தங்கமாக இருந்து என்ன செய்வது? அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நான் கோகிலவாணி.

மதியம் சென்னியப்பன் வந்தபோது விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. "ரெண்டு ஷிப்டு எனக்கு வேண்டாமுங்க" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. கடைசி ஒரு மணி நேரமாக நன்றாக வலித்துக்கொண்டிருந்தது அந்த நேரம் பார்த்துக் குறைந்தது. நரம்பு விஷயம் அப்படித்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு
வலி: ஏழு

விடுமுறை. மவுஸைத் தொடவே இல்லை. அப்படியும் ஏழு.

ஏப்ரல் 8, செவ்வாய்
வலி: ஐந்து

முதலாளி வரச்சொல்லி, கோயமுத்தூர்க் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு வினோத சாமானைக் கொண்டுவந்தார். மவுஸ்தான், ஆனால் நகராது. குப்புறக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேசையில் உட்கார்ந்தே இருக்கிறது. நடுவில் எலுமிச்சம்பழம் அளவில் சிவப்பாக ஒரு பந்து. பந்தை விரலால் உருட்டினால் திரையில் அம்பு ஓடும். மணிக்கட்டு அசைய வேண்டியதே இல்லையாம். டிராக்பால் என்று பெயர் சொன்னார். ஐந்து நிமிடத்தில் எங்கள் தளத்தில் அதற்குப் பந்து என்று பெயராகிவிட்டது. செங்குத்தாக நிற்கிற மவுஸ் ஒன்றும் காட்டினார், அது வலது கைக்கு மட்டும்தான் என்பதால் முதலாளி பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

"ஒரே சாமான்தான் வாங்குவேன். ரெண்டு பேத்துக்கும் ஒத்து வரோணும். மே கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, பந்தா, புது மவுஸான்னு ஒரே வாக்காச் சொல்லுங்க." 

செக்கிங் டேபிள் ராஜாமணியக்கா வந்து எட்டிப் பார்த்து, "இதென்ன கண்ணு, திருஷ்டிக்கு வெச்சாப்ல இருக்குது?" என்றார்.

நான் தொட்டேன். அம்பு ஓடிப்போனது. சும்மா இல்லை, திரையின் மேல் மூலையில் போய் ஒளிந்துகொண்டது. திருப்பி இழுத்தால் கீழ் மூலை. ஒரு தாமரை இதழ் குத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இதழ் பாகற்காய் மாதிரி வந்திருந்தது.

ஏப்ரல் 9, புதன்
வலி: ஐந்து (மதியம் ஒன்றரைக்கு மேல் மூன்று)

சென்னியப்பன் இன்று ஒன்றரைக்கே வந்துவிட்டார். பஸ் சீக்கிரம் வந்ததாம். அவர் வருவது சைக்கிளில்.

பின்னால் நின்று பார்த்தார். பார்த்தால் பார்த்துக்கொண்டே இருப்பாரா, அம்பு இன்னும் வேகமாக மூலைக்கு ஓடியது.

"கைய வெச்சு அமுக்காதீங்க. வெரல் நுனீல சித்த தள்ளி வுடுங்க, அதாப் போவும். அப்புறம் ஒரு வெரலால புடிச்சு நிறுத்தோணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இத நேத்துத்தான பாத்தீங்க?"

"நேத்து பத்து மணி வரைக்கும் உருட்டிப் பாத்தனுங்க. எனக்கு வரல. ஆனா எப்புடி வரும்னு தெரிஞ்சுது."

சொல்லிக் கொடுப்பதற்காக அவர் விரல் பந்தின் மேல் வந்தது. என் விரல் எடுக்க மறந்துவிட்டது. பந்து கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. அம்பும் நின்றது. பிறகு நான் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்று எழுந்து போனேன். தாகமே இல்லை. வெக்கை அதிகம்.

ஏப்ரல் 14, திங்கள்
வலி: எட்டு

நேற்று ஞாயிறு, இன்று சித்திரை ஒன்று. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. அண்ணி பச்சடியில் வேப்பம்பூவைக் கை தவறிக் கொட்டிவிட்டார். டி.வி.யில் பட்டிமன்றம். எல்லோரும் சிரித்தார்கள். நாளை செவ்வாய்க்கிழமை.

ஏப்ரல் 17, வியாழன்
வலி: மூன்று

டிசைன் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் எட்டுக்கு மேல் பெயர் வைத்தால் எங்கள் தையல் மெஷின் படிக்காது. பழைய மெஷின். அதனால் பள்ளிக்கூடப் பெயரைச் சுருக்கி ஏதாவது வைப்போம். இன்று காலை திறந்தால், அவர் பாதி குத்தி வைத்துவிட்டுப் போன சின்னத்துக்கு "கைஎப்டி" என்று பெயர்.

முதலில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று யோசித்தேன். அப்புறம் புரிந்தது. புரிந்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தையல் மெஷினின் இருபது ஊசித் தலையும் கடகடவென்று அதனதன் வேலையில் இருந்தன.

மீதியைக் குத்தி முடித்து, அடுத்த டிசைனுக்கு "பரவால" என்று பெயர் வைத்தேன். எண்ணிப் பார்த்தேன், ஆங்கிலத்தில் சரியாக எட்டு எழுத்து. இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா! கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்
வலி: இரண்டு

எனக்குப் புத்தி இருக்கிறதா? கோப்பின் பெயர் கம்ப்யூட்டரோடு நிற்காது என்பது பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியாதா? பென் டிரைவில் ஏறி மெஷினுக்குப் போகும். மெஷின் திரையில் கொட்டை எழுத்தில் வரும். நாலு நாளாக எங்களுக்குள் "கைஎப்டி", "பரவால", "சாப்டிங்க", "இட்லிதா" என்று போய்க்கொண்டிருந்தது. இன்று காலை பதினொரு மணிக்கு மெஷின் ஓட்டுகிற பையன்களில் ஒருவன் தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்:

"அக்கோவ், 'சாப்டிங்க' முடிஞ்சுது. 'இட்லிதா' ஏத்தட்டுமா?"

ராஜாமணியக்கா கத்தரியைக் கீழே வைத்தார். "ஏத்து சாமி. சட்னியும் இருக்குதான்னு பாரு."

தளமே சிரித்தது. நான் பந்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலேயே கதை சொன்னார். சென்னியப்பனுக்கு முப்பத்தெட்டாம். சென்னிமலையில் அம்மா மட்டும். நாலு வருடத்துக்கு முன் பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி டம்ளரை இடது கையால் வாங்கிவிட்டாராம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர், சகுனம் சரியில்லை என்று எழுந்துவிட்டாராம். அதற்கப்புறம் மனிதர் பெண் பார்க்கவே போகவில்லை.

"இதெல்லாம் எனக்கு எதுக்குங்கக்கா?" என்றேன்.

"சும்மாதா கண்ணு, இட்லி எறங்கற வரைக்கும்" என்றார்.

ஒரு டம்ளருக்காகவா! அந்தப் பெரியவர் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்பேன். எந்தக் கையால் வாங்கினால் என்ன, காப்பி வாய்க்குத்தானே போகிறது? இரவு முழுக்க அந்தக் கோபம். எனக்கு அநியாயம் பிடிக்காது, அதனால்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி
வலி: தெரியவில்லை

இன்று நான் செய்த காரியத்தை எழுதவே கை கூசுகிறது.

ஒரு பள்ளிக்கூடச் சின்னம். மேலே அன்னம், கீழே பள்ளியின் பெயர், நடுவில் இரண்டு தூண். அவசர வேலை. காலையில் திறந்ததும் கோப்பின் பெயர் "சிரிப்பு" என்று இருந்தது. யாருடைய சிரிப்பு? என்னுடையதா? அதை யோசித்துக்கொண்டே குத்தினேன். பொத்தான் மாற்றப்படாமல் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அவரும் நேற்று ஏதோ ஞாபகத்தில் மாற்ற மறந்திருக்கிறார். திரையில் பெரிதாக்கி ஓரம் ஓரமாகக் குத்தும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மெஷினில் இருபது தலையும் ஒன்றாகத் தைத்து இறக்கியபோதுதான் தெரிந்தது. தூண் இரண்டும் தும்பிக்கை மாதிரி வளைந்து நின்றன. அன்னத்தின் கழுத்து மூன்று இடத்தில் உடைந்து, மடக்குக் கட்டில் போல இருந்தது. இருபது சட்டையிலும் இருபது மடக்குக் கட்டில்.

முதலாளி ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன பறவ?"

நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

"அன்னமுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சென்னியப்பன். மணி ஒன்றரை. "தப்பு என்னுதுங்க. பொத்தான நாந்தா மாத்தாம போய்ட்டனுங்க."

"மாத்தாம போனது நீ. பாக்காம குத்துனது இவ." முதலாளி சட்டையை மேசையில் போட்டார். "ரெண்டு பேத்துக்கும் சொல்றேன். பொத்தான ஏதாச்சும் ஒரு பக்கமா வெச்சுத் தொலைங்க. ஒருத்தரு மாறிக்குங்க. இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா மே கடைசி வரைக்கும் காத்துட்டு இருக்க மாட்டேன். அம்மணி, உனக்குந்தா சொல்றேன், நேரா செக்கிங் டேபிள்தா."

வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்காலிக்காகத்தான். "தப்பு என்னுதுங்க" என்று அவர் சொன்ன விதத்துக்காக இல்லை.

ஏப்ரல் 26, சனி

யோசித்து முடிவெடுத்தேன். ஒருத்தர் மாற வேண்டும் என்றால் நான் மாறுகிறேன். வலது கைக்கு எப்படியும் ஓய்வு வேண்டும். பந்தை இடது கைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். பொத்தான் அவர் வைத்தபடியே இருக்கட்டும். பிறந்ததிலிருந்து அந்த மனிதர் உலகத்துக்காகக் கை மாறி மாறி வாழ்ந்தது போதாதா?

ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால் தனக்காக என்று நினைத்துக்கொள்வார். முழுக்க முழுக்க மருத்துவக் காரணம்.

ஏப்ரல் 27, ஞாயிறு
வலி: ஆறு

இடது கைக்குப் பயிற்சி கொடுக்கிறேன். காலையில் இடது கையால் கோலம் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் வாக்கிங் போனவர் நின்று பார்த்துவிட்டு, "பாப்பா போட்டுதுங்களா? நல்லா இருக்குது" என்றார். இடது கையால் தோசை திருப்பினேன். பாதி தோசை அடுப்பின் பின்பக்கம் போய்விட்டது. அண்ணி, "உனக்கு என்னமோ ஆயிருச்சு கோகிலா" என்றார். ஒன்றும் ஆகவில்லை.

மே 2, வெள்ளி
வலி: இரண்டு

இடது கைக்குப் பந்து நன்றாகப் படிகிறது! மவுஸாக இருந்தால் புதுக் கை தடுமாறும், எங்காவது இழுத்துக்கொண்டு போகும். பந்தைத் தள்ளிவிட்டால் போதும், கைக்கு முன்னால் அது போய் நிற்கிறது. இன்று ஒரு முழுத் தாமரை. பாகற்காய் இல்லை, தாமரை.

ஒன்றரை மணிக்கு சைக்கிள் மணி கேட்டதும் பந்தைச் சட்டென்று வலது பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். அவருக்குத் தெரிய வேண்டாம். வலது கையால் தடுமாறுவது போல உட்கார்ந்தால் அவர் குனிந்து சொல்லிக்கொடுக்கிறார். அதைக் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

ஒரே ஒரு தொல்லை. தினமும் பொத்தானை அவருக்கு வாகாக இடதுக்கே விட்டுவிட்டு வருகிறேன். காலையில் போய்ப் பார்த்தால் வலதுக்கு மாற்றி வைத்திருக்கிறார்! எனக்காக. மனிதருக்கு மரியாதை அதிகம். நான் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அதைத் திருப்பி மாற்ற வேண்டியிருக்கிறது. சொல்லவும் முடியவில்லை.

மே 7, புதன்
வலி: என்ன வலி?

டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூடியில் சாம்பார் காய்ந்தால் கழுவுவது கஷ்டம் என்று நாலு மணிக்குத் திரும்பப் போனேன். (அண்ணி, "அந்த ஓட்ட டப்பாவுக்கா பவுடர் போட்டுட்டுப் போற?" என்றார்.)

கதவு பாதி திறந்திருந்தது. சென்னியப்பன் முதுகு தெரிந்தது. நான் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

அவர் பந்தை வலது கையால் உருட்டிக்கொண்டிருந்தார்.

இடது கையை மடியில் கட்டிப்போட்டது மாதிரி வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, முதல் முதலாக 'அ' எழுதுகிற பிள்ளை மாதிரி. அம்பு மேல் மூலைக்கு ஓடியது. "வா... வா சாமி... இங்க வா" என்று அதனோடு கெஞ்சிக்கொண்டிருந்தார். பதினைந்து வருடமாக இடது கையில் மவுஸ் பிடித்து, இந்த ஊரிலேயே வேகமாகக் குத்துகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர். ஒரு கோணல் இலையைக் குத்த முக்கால் ஆயுள் எடுத்துக்கொண்டிருந்தார்.

எதற்கு? பொத்தான் என் பக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு. நான் நாற்காலியை இழக்கக் கூடாது என்பதற்கு.

டிபன் பாக்ஸை எடுக்காமலே ஓடி வந்துவிட்டேன். பஸ்ஸில் சிரித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மாள் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

மே 8, வியாழன்

டிபன் பாக்ஸைச் சென்னியப்பன் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

மே 15, வியாழன்

பிசியோதெரபி பெண்ணிடம் இந்த நோட்டை எடுத்துப் போனேன். வலி எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள்.

"அக்கா, வேலை நாள்ல கொறைவா இருக்கு. லீவு நாள்ல ஏறுது. தலைகீழா இருக்கணுமே?"

"அப்படியா?"

"மதியம் ஒன்றரைக்கு மேல வேற கொறையுது. ஒன்றரைக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரை இல்ல. சும்மா... ஷிப்ட் மாறுற நேரம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தலைமையாசிரியை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எழுந்து என் வலது கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லா இருக்குக்கா. மவுஸைக் கட்டிப் புடிச்சுட்டு இருக்காம, நீங்க சொன்ன அந்தப் பந்த வெச்சு, கைக்குக் கை மாத்தி வேலை செஞ்சா போதும். இந்த வேலைய அறுபது வயசு வரைக்கும் செய்யலாம்" என்றாள்.

அறுபது வயது வரைக்கும்! ரோட்டில் இறங்கி ஒரு இளநீர் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

மே 24, சனி

முதலாளி பரீட்சை வைத்துவிட்டார். பெரிய பள்ளிக்கூடம், சீசனிலேயே பெரிய ஆர்டர். சின்னத்தில் தோகை விரித்த மயில். ஒவ்வொரு இறகிலும் கண், கண்ணுக்குள் கண். "இத நீயே குத்தோணும். சென்னியப்பன் கைய வெக்கக் கூடாது. வியாழக்கிழமை மெஷின்ல ஏத்தறோம். சரியா வந்தா நாற்காலி உன்னுது. இல்லீன்னா கோவிச்சுக்காத அம்மணி."

கோவித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து மயிலுக்கு எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மே 28, புதன்

மயில் முடிந்தது. காலையில் இடது கை, அது களைத்தால் வலது கை. பந்து நடுவிலேயே உட்கார்ந்திருந்தது, நான்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறினேன். கண்களைக் குத்தும்போது மூச்சு விடக்கூட யோசித்தேன். சென்னியப்பன் நாலு நாளும் ஒன்றரைக்கு வந்து, வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலாளி பார்த்தால் உதவி செய்தார் என்பாராம். திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் கஷ்டம்.

கோப்புக்கு "மயில்" என்றுதான் பெயர் வைத்தேன். விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

மே 29, வியாழன்

மூச்சு வாங்குகிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மெஷினில் ஏற்றினார்கள். சென்னியப்பன் இன்று பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். இருபது ஊசியும் இறங்கின. முதலில் கால், பிறகு உடம்பு, பிறகு கழுத்து. கழுத்து வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ராஜாமணியக்காதான் சொன்னார்: "கண்ணத் தொற புள்ள. கழுத்து கழுத்தாத்தா இருக்குது."

தோகை விரிந்தது. நீலம், பச்சை, அரக்கு. கண்ணுக்குள் கண். இருபது மயிலும் ஒரே நேரத்தில் தோகை விரித்தன. தளத்தில் யாரோ விசிலடித்தார்கள். முதலாளி ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, பின்பக்க நூலைக்கூடப் பார்த்தார்.

"நாற்காலி உன்னுதுதா அம்மணி" என்றார். "இனி யாரு கேட்டாலும் எந்திரிக்காத."

அத்தோடு வீட்டுக்கு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கோயமுத்தூர்க் கடைக்காரர் தவணை முடிந்துவிட்டதென்று பில் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"சொல்லுங்க, பந்தா மவுஸா?" என்றார் முதலாளி. "ஒரே வாக்கா."

"மவுஸுங்க" என்றேன் நான்.

"பந்துங்க" என்றார் சென்னியப்பன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "உன்ற கைக்காகத்தான பந்தே வந்துச்சு?"

"எனக்குப் பந்து நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அவருக்கு அது கையில நிக்கறதில்லீங்க. பதினஞ்சு வருசம் மவுஸ் புடிச்சவரு. அவரு வேகம் போயிரும். நான் இடது கைக்கு மாறி ஒரு மாசமாச்சு, மவுஸையும் இடது கையிலயே புடிச்சுக்கறேன். பொத்தான் அவரு பக்கமாவே இருக்கட்டுமுங்க."

சென்னியப்பன் வாயைப் பிளந்தார். "இடது கையிங்களா? நீங்களா?" பிறகு முதலாளியிடம் அவசரமாக, "வேண்டாமுங்க, பந்தே வாங்குங்க. அவிங்க கைக்கு அதுதா நல்லது. நான் ஒரு மாசமா வலது கையிலதா பழகறனுங்க. பொத்தான் அவிங்க பக்கமாவே இருக்கட்டுமுங்க."

முதலாளி விரலை என்னை நோக்கி நீட்டினார், பிறகு அவரை நோக்கி, பிறகு மறுபடி என்னை. "அப்ப... வலது கைக்காரி இடதுல. இடது கைக்காரன் வலதுல. இப்பவும் தெனமும் பொத்தான மாத்திட்டுத்தா இருக்கீங்க?"

"ஆமாங்க" என்றோம்.

ராஜாமணியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்துவிட்டார். முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. "நான் ஒரு மவுஸு வாங்கறதுக்குள்ள எனக்கு அட்டாக் வந்துரும்! ஒருத்தருக்கொருத்தரு விட்டுக்குடுக்கறதுன்னா கண்ணாலத்தப் பண்ணிட்டு வூட்ல போய் விட்டுக்குடுங்க! இங்க பொழப்பப் பாருங்க!"

நூல் மாற்றுவதற்காக மெஷின் நின்ற நேரம் அது. அவர் கத்தியது கடைசி மூலை வரைக்கும் கேட்டது.

"சரீங்" என்றார் சென்னியப்பன்.

முதலாளி எந்த வேலை சொன்னாலும் அவர் சொல்கிற அதே 'சரீங்'தான். இதைச் சாயங்காலத்துக்குள் முடி என்றால் சொல்வாரே, அதே. ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"என்ன சரீங்?"

"நீங்க இப்பச் சொன்னதுக்குத்தானுங்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதலாளி சொன்ன எதையும் நான் உடனே ஒத்துக்கொண்டதில்லை. இன்று மட்டும் வார்த்தை எனக்கு முன்னால் ஓடியது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ரொம்ப நாளாகப் பிடித்திருக்கிறது. இதை எழுதுவதற்குப் பதிலாகத்தான் இரண்டு மாதமாக வலி என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கும் சரிதானுங்க" என்றேன். "ஆனா ஒண்ணு."

"இன்னும் என்னம்மணி?"

"அவரு ரெண்டு மணிக்கு வருவாரு, நான் ரெண்டு மணிக்குப் போவேன். அவரு வூட்டுக்கு வரும்போது நான் தூங்கிட்டு இருப்பேன், நான் எந்திரிக்கும்போது அவரு தூங்கிட்டு இருப்பாரு. இதுக்குப் பேரு குடும்பமுங்களா? எங்களுக்கு மொய்யெல்லாம் வேண்டாமுங்க. இன்னொரு கம்ப்யூட்டரு போடுங்க, இன்னொரு சாவியோட. ரெண்டு பேரும் பகல்லயே வேலை பாக்கறோம்."

முதலாளி என் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். மயில் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சென்னியப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். இவ்வளவு பற்களோடு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

கோயமுத்தூர்க்காரருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்ப நான் எதைங்க எழுதட்டும்? பந்தா, மவுஸா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சென்னியப்பனும் திறந்தார். முதலாளி இரண்டு கையையும் தூக்கி எங்களைத் தடுத்தார்.

"இவிங்களக் கேக்காத, விடிஞ்சிரும். எல்லாத்துலயும் ரெண்டு எழுது."